ஒரு சொல், நான்கு பொருள்: அறிவியல் வகுப்பில் ‘பட்டை’

மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவர் ‘பட்டை’ என்னும் சொல்லை எத்தனை பாடங்களில் சந்திக்கிறார் என்று எண்ணிப் பார்ப்போம். தசைச்சுருக்கம் பற்றிய பாடத்தில் ஏ பட்டை, ஐ பட்டை. மரபியலில் குரோமோசோம் பட்டைகள், டி.என்.ஏ. ரேகைப் பதிவில் தெரியும் பட்டைகள். இயற்பியலில் பட்டை நிறமாலை, இணைதிறன் பட்டை, கடத்துப் பட்டை, செய்தித்தொடர்பில் பட்டை அகலம். இவற்றோடு மின்தடையாக்கியின் நிற வளையங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அவையும் ‘பேண்ட்’தான்.

பள்ளிக்கு வெளியேயும் இச்சொல் மாணவரைத் தொடர்கிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘பேண்ட் செல்’ என்றொரு வரி இருக்கிறது. கையில் ‘ஃபிட்னஸ் பேண்ட்’, தலையில் ‘ஹேர் பேண்ட்’, ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம். போதாக்குறைக்கு, தமிழில் எழுதும்போது காலில் அணியும் பேண்ட்டும் இதே எழுத்துகளில் வந்து நிற்கிறது.

ஒவ்வொரு பாடத்திலும் அந்தந்த வரையறையை மனப்பாடம் செய்து மாணவர் தேர்வு எழுதிவிடுகிறார். ஆனால் சொல்லின் பொருள் பிரிந்து விளங்காதபோது, ஒரு பாடத்தில் பெற்ற மனச்சித்திரம் இன்னொரு பாடத்துக்குள் நுழைந்து தவறான கருத்தை உருவாக்குகிறது. தசைநாரில் பட்டை என்பது ஓர் இடம், நுண்ணோக்கியில் பார்க்கலாம். அதே நினைவோடு குறைகடத்திப் பாடத்துக்கு வருபவர், கடத்துப் பட்டை என்பதைச் சிலிக்கான் துண்டின் மேல் அடுக்கு என்றும், இணைதிறன் பட்டையை அதன் கீழ் அடுக்கு என்றும் எண்ணிக்கொள்கிறார். பாடநூல் படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகள் இருப்பதால் அந்த எண்ணம் உறுதிப்படுகிறது. விடைத்தாளில் இந்தப் பிழை தெரிவதில்லை. டையோடு, டிரான்சிஸ்டர் என்று பாடம் மேலே செல்லும்போதுதான் அது தடையாகிறது.

இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. ‘பட்டை’ என்னும் சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும், இது எந்த வகைப் பட்டை என்று முதலில் கேட்கப் பழக்குவது.

சொல் வந்த வழி

ஆங்கிலத்தில் ‘பேண்ட்’ என்பது உண்மையில் ஒரே சொல் அன்று. பிணைப்பது, கட்டுவது என்னும் பொருளில் ஒன்று பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. வேதியியலில் நாம் பிணைப்பு என்று சொல்லும் ‘பாண்ட்’ இதன் உடன்பிறப்பு. நீண்ட, தட்டையான துண்டு என்னும் பொருளில் இன்னொன்று பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. துணித்துண்டைக் குறித்த அச்சொல், பிறகு துணியில் தெரியும் வரியையும் குறித்தது. வரிக்கு இரண்டு ஓரங்கள் உண்டு. அவற்றுக்கு இடைப்பட்டது ஓர் அகலம். அந்த அகலத்தை எண்களுக்குப் பொருத்தியபோது, ‘இந்த மதிப்பிலிருந்து அந்த மதிப்பு வரை’ என்னும் நான்காவது பொருள் பிறந்தது.

ஆகவே அறிவியலில் வரும் ‘பேண்ட்’ என்பதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: கட்டு, நாடா, வரி, நெடுக்கம். இந்த நான்கும் பாடநூல் கலைச்சொற்களுக்கு மாற்று அல்ல. பொருளை இனங்காண உதவும் அடையாளங்கள் மட்டுமே. நான்காவதற்கு ‘வீச்சு’ என்ற சொல்லைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. புள்ளியியலில் வீச்சு என்றால் மிகப்பெரிய மதிப்புக்கும் மிகச்சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. அலைகள் பாடத்தில் அதே சொல் அலையின் பெரும இடப்பெயர்ச்சியைக் குறிக்கிறது. ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வரவழைக்க வேண்டாம்.

தமிழில் ‘பட்டை’ என்ற சொல்லும் ஏற்கெனவே பல பொருள்களைச் சுமக்கிறது. மரத்தின் பட்டை, சமையலுக்குப் போடும் பட்டை, நெற்றியில் இடும் பட்டை, பதநீர் குடிக்கும் ஓலைப்பட்டை, வைரத்துக்குத் தீட்டும் பட்டை ஆகிய அனைத்தையும் அறிந்தே மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் வகை: கட்டு

சுற்றி இறுக்குவது அல்லது பிணைப்பது இவ்வகை. மருத்துவத்தில் இது மிகுதி. மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் கையிலோ காலிலோ கட்டும் அடையாளப் பட்டை எல்லோரும் அறிந்தது. மூலநோய்ச் சிகிச்சையில் வீங்கிய பகுதியின் அடியில் சிறிய ரப்பர் வளையத்தை மாட்டுவார்கள். இரத்த ஓட்டம் தடைபட்டு அப்பகுதி சில நாட்களில் உதிர்ந்துவிடும். உடல் பருமனுக்கான ஓர் அறுவைச் சிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் பொருத்துவதும் இவ்வகையே. வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் உள்ளே உருவாகும் தழும்புத் திசு சிலருக்குக் கயிறுபோல் குடலைப் பிணைத்து அடைப்பை உண்டாக்குவதுண்டு. அதற்கும் இதே பெயர்தான்.

விலங்கியலில் பறவைகளுக்கு வளையமிடுதலை அமெரிக்கர்கள் இச்சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். இதை அறிவியல் முறையாகத் தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. டென்மார்க்கின் விபோர்க் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன், 1899இல் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். இன்று நம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் வலசைப் பறவைகளுக்கு வளையமிடுவது அதே வழிமுறையின் தொடர்ச்சி.

இவ்வகையில் ஆசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது பனிக்குடப் பட்டை. கருவைச் சூழ்ந்துள்ள பனிக்குடத்தின் உட்படலம் கிழிந்து, இழைகளாகப் பிரிந்து, வளரும் கருவின் விரலையோ கையையோ காலையோ சுற்றிக்கொள்வதால் இது நேர்வதாகக் கருதப்படுகிறது. இறுக்கத்தால் அவ்விடத்தில் வளையம்போல் பள்ளம் விழலாம். விரல்களின் நுனிப்பகுதி இல்லாமலே குழந்தை பிறக்கலாம். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை. தாய் செய்த எதனாலும் வந்ததுமில்லை. நம் ஊர்களில் இத்தகைய குழந்தையைப் பார்த்ததும், கிரகணத்தின்போது தாய் வெளியே வந்திருப்பார் என்று பழி சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு குழந்தை நம் வகுப்பில் இருந்தால், காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஆசிரியர் அக்குழந்தைக்கும் தாய்க்கும் பெரிய துணை.

இரண்டாம் வகை: நாடா

இங்கே எதையும் கட்டுவது முக்கியமன்று; வடிவம்தான் பெயருக்குக் காரணம். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே கால் எலும்பில் இணையும் தடித்த திசுநாடா ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. நீண்ட தூரம் ஓடும் விளையாட்டு வீரர்களுக்கு முழங்காலின் வெளிப்புறத்தில் வலி வந்தால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பவற்றில் இதுவும் ஒன்று.

இரத்தப் பரிசோதனையில் வரும் ‘பேண்ட் செல்’ இவ்வகையே. முதிர்ந்த நியூட்ரோஃபில் வெள்ளணுவின் உட்கரு பல கதுப்புகளாகப் பிரிந்திருக்கும். முதிர்ச்சிக்கு முந்தைய நிலையில் அது பிரியாமல், வளைந்த நாடாபோல் இருக்கும். இயல்பாக இரத்தத்தில் இத்தகைய அணுக்கள் குறைவு. பாக்டீரியத் தொற்று கடுமையாகும்போது எலும்பு மஜ்ஜை இளம் அணுக்களையும் அவசரமாக அனுப்புவதால் எண்ணிக்கை கூடுகிறது. வெள்ளணுக்கள் பாடத்தின்போது இதைச் சொன்னால், வீட்டில் இருக்கும் ஒரு தாளுக்கும் பாடநூலுக்கும் உள்ள தொடர்பை மாணவர் காண்பார். தட்டைப்புழு ஒன்றுக்கு நாம் நாடாப்புழு என்று பெயரிட்டிருப்பதும் இதே வடிவத்தைக் கொண்டுதான்.

மூன்றாம் வகை: வரி

ஒரு பரப்பின்மீது கண்ணுக்கோ கருவிக்கோ தெரியும் வேறுபாடு இவ்வகை. வரிக்குதிரையின் வரியும், கட்டுவிரியன் உடலில் தெரியும் வெண்ணிறக் கட்டுகளும் நல்ல எடுத்துக்காட்டுகள். இவ்வகையில் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்றே: வரி இருக்கும் இடம் பொருள் தருகிறது.

மின்தடையாக்கியில் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று வரிசையாக வளையங்கள் இருந்தால் அதன் மதிப்பு 470 ஓம். அதே நிறங்கள் பழுப்பு, ஊதா, மஞ்சள் என்று மாறினால் 1,70,000 ஓம். நிறங்கள் ஒன்றே, இடம் மாறியதால் மதிப்பு மாறியது. டி.என்.ஏ. துண்டுகளைக் கூழ்மத்தில் மின்புலம் செலுத்திப் பிரிக்கும்போது, சிறிய துண்டுகள் அதிகத் தொலைவு நகர்கின்றன. அங்கும் பட்டையின் இடம்தான் துண்டின் நீளத்தைச் சொல்கிறது. குரோமோசோமைச் சாயமேற்றினால் தோன்றும் கரும்பட்டை, வெண்பட்டை வரிசை ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தன்மையானது. ஒரு ஜீன் எங்கே இருக்கிறது என்பதைத் தெருவும் கதவு எண்ணும் சொல்வதுபோல் இந்தப் பட்டைகளைக் கொண்டே குறிக்கிறார்கள்.

தசைநாரின் பட்டைகள் இவ்வகையின் சிறந்த பாடம். தசைநாரை நுண்ணோக்கியில் பார்த்தால் அடர்ந்த ஏ பட்டையும் மெல்லிய ஐ பட்டையும் மாறி மாறித் தெரிகின்றன. தசை சுருங்கும்போது என்ன ஆகிறது? 1954ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதினர். மற்றதை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு ஏதுமில்லை. தனித்தனியே ஆய்ந்த இரு குழுவினரும் கண்டது ஒன்றே: சுருங்கும்போது ஐ பட்டை குறுகுகிறது, ஏ பட்டையின் நீளம் மாறுவதில்லை. இழைகள் சுருங்கினால் ஏ பட்டையும் குறுகியிருக்க வேண்டும். அது குறுகாததால், இழைகள் ஒன்றினூடே ஒன்று சறுக்குகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். இரு கைவிரல்களையும் கோத்து உள்ளே தள்ளிக் காட்டினால் மாணவர்களுக்கு இது உடனே விளங்கும். விரல்களின் நீளம் மாறவில்லை. கோத்திருக்கும் பகுதிதான் கூடியது.

வரி நெடுக்கமான கதை

மூன்றாம் வகையிலிருந்து நான்காம் வகைக்குப் பாலம் போட இரத்தத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நீர் கலந்த இரத்தத்தின் வழியே வெள்ளொளியைச் செலுத்தி முப்பட்டகத்தால் பிரித்துப் பார்த்தால், நிறமாலையின் மஞ்சள், பச்சைப் பகுதியில் இரண்டு கருநிறப் பட்டைகள் தெரியும். ஜெர்மானிய வேதியியலாளர் ஹோப்பே-செய்லர் 1862இல் இதை விவரித்தார். 1864இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ஆக்சிஜனை நீக்கும் வேதிப்பொருளை அக்கரைசலில் சேர்த்தார். இரண்டு பட்டைகளும் மறைந்து, அவற்றுக்கு இடையே ஒரே அகன்ற பட்டை தோன்றியது. காற்றுடன் குலுக்கியதும் மீண்டும் இரண்டு பட்டைகள். இரத்தத்தின் நிறப்பொருள் ஆக்சிஜனை ஏற்பதையும் விடுவதையும் இரண்டு வரிகள் மறைந்தும் தோன்றியும் காட்டிவிட்டன. பாகியல் விசை பாடத்தில் வரும் அதே ஸ்டோக்ஸ்தான் இவர்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: கருநிறப் பட்டை எங்கே இருக்கிறது? திரையில் என்பார்கள். இரத்தத்தில் அப்படி ஒரு கோடு உண்டா? இல்லை. இரத்தம் குறிப்பிட்ட அலைநீளங்களுக்கு இடைப்பட்ட ஒளியை உட்கவர்கிறது. திரையில் ஒவ்வோர் இடமும் ஓர் அலைநீளத்தைக் குறிப்பதால், அந்த அலைநீள நெடுக்கம் நம் கண்ணுக்கு வரியாகத் தெரிகிறது. திரையை எடுத்துவிட்டாலும் நெடுக்கம் இருக்கும். வரி என்ற சொல் நெடுக்கம் என்ற பொருளைப் பெறுவது இவ்விடத்தில்தான்.

நான்காம் வகை: நெடுக்கம்

ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை, இடைப்பட்ட மதிப்புகள். இவ்வளவுதான் நெடுக்கம். தொட்டுக் காட்ட ஒன்றுமில்லை என்பதே இதன் சிக்கல்.

வானொலியிலிருந்து தொடங்கலாம். பண்பலை ஒலிபரப்பு நம் நாட்டில் ஏறத்தாழ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பட்டையில் நடைபெறுகிறது. மத்திய அலை, சிற்றலை என்று பழைய வானொலிப் பெட்டியில் திருகி மாற்றியவை எல்லாம் அதிர்வெண் நெடுக்கங்களே. மருத்துவத்தில் மூளை மின்னலைப் பதிவும் இப்படித்தான். 1924இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். நொடிக்கு 8 முதல் 13 அதிர்வுகள் வரை ஆல்ஃபா, அதற்கு மேல் 30 வரை பீட்டா என்று பின்னர் பட்டைகளாகப் பிரித்தார்கள். பதிவுத் தாளில் எந்தப் பட்டையும் தெரியாது. நெளியும் கோடுகள்தாம் இருக்கும். எண்ணிப் பார்த்தால்தான் பட்டை.

இந்த வரிசையில் ஆற்றல் பட்டையைக் கற்பித்தால் பாதிச் சுமை குறையும். தனித்த அணுவில் எலக்ட்ரானுக்கு உரிய ஆற்றல் மட்டங்கள் தனித்தனியானவை. அணுக்கள் நெருங்கிப் படிகமாகும்போது, ஒவ்வொரு மட்டமும் அணுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிளவுபடுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் ஏறத்தாழ 5×10²² அணுக்கள் உள்ளன. அத்தனை மட்டங்கள் சில எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குள் அடங்குவதால், தொடர்ச்சியான ஆற்றல் நெடுக்கமாகவே அதைக் கருதுகிறோம். அதுவே ஆற்றல் பட்டை. படிகத்தில் எந்த எலக்ட்ரானும் கொள்ள முடியாத ஆற்றல் மதிப்புகள் விலக்கப்பட்ட இடைவெளி. சிலிக்கானுக்கு இது சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட்.

ஆசிரியர்களுக்கு நன்கு பழகிய ஓர் உவமை உண்டு. தேர்வில் 60 முதல் 70 வரை மதிப்பெண் பெற்றவர்கள் ஒரு பிரிவு. அவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பதில்லை; வகுப்பு முழுவதும் பரவியிருக்கிறார்கள். அதுபோல, ஓர் எலக்ட்ரான் கடத்துப் பட்டையில் இருக்கிறது என்றால், அதன் ஆற்றல் அந்த நெடுக்கத்துக்குள் இருக்கிறது என்றே பொருள். அது படிகத்தில் எங்கும் இருக்கலாம். உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு: மதிப்பெண் பட்டியலில் யாரும் எடுக்கவே முடியாத இடைவெளி கிடையாது. அதையும் மாணவர்களிடமே கேட்டுச் சொல்ல வைக்கலாம்.

படம் வரையும்போது செங்குத்து அச்சில் ‘ஆற்றல்’ என்று எழுதாமல் விடக்கூடாது. எளிய பட்டைப் படத்தில் கிடைத்திசைக்குப் பொருள் எதுவுமில்லை. ஆனால் பி.என். சந்தியின் பட்டைப் படத்தில் கிடை அச்சு இடத்தைக் குறிக்கும். இந்த வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் சேரும் ஒரு கருவி

கொரோனா காலத்தில் வீடுதோறும் அறிமுகமான ஆக்சிஜன் அளவுமானி, இந்த வகைகளை ஒரே இடத்தில் காட்டுகிறது. அதற்கு அடிப்படையான முறையை 1970களில் உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி. கருவியில் இரண்டு ஒளி உமிழும் டையோடுகள் உள்ளன. பொதுவாக ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பொளியையும், மற்றது 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியையும் தருகிறது. 1240ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சிவப்புக்கு ஏறத்தாழ 1.9, அகச்சிவப்புக்கு 1.3. டையோடுப் பொருளின் ஆற்றல் இடைவெளியே இந்த அளவைத் தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் சிவப்பொளியைக் குறைவாகவும் அகச்சிவப்பொளியைக் கூடுதலாகவும் உட்கவர்கிறது. ஆக்சிஜன் அற்றது இதற்கு நேர்மாறு. இரண்டையும் ஒப்பிட்டுக் கருவி விழுக்காட்டைச் சொல்கிறது. பச்சிளம் குழந்தைக்கு இதே உணரியைப் பாதத்தில் நாடாபோல் சுற்றிக் கட்டுகிறார்கள். கட்டும் நாடாவும் நெடுக்கமும் ஒரே கருவியில் வந்துவிட்டன. ஸ்டோக்ஸ் திரையில் கண்ட வரிகளின் வழிவந்ததே இந்த அளவீடு.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு பாடவேளை போதும். கீழ்க்காணும் சொற்களைத் தனித்தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குழுக்களிடம் தரலாம்: குழந்தையின் அடையாளப் பட்டை, பறவை வளையம், பேண்ட் செல், நாடாப்புழு, மின்தடையாக்கியின் நிற வளையம், குரோமோசோம் பட்டை, ஐ பட்டை, பண்பலை அதிர்வெண் பட்டை, ஆல்ஃபா அலைப் பட்டை, கடத்துப் பட்டை, இரத்தத்தின் உட்கவர் பட்டை, பனிக்குடப் பட்டை.

ஒவ்வொரு சீட்டுக்கும் குழு நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. இது எதையாவது சுற்றிக் கட்டுகிறதா?
2. நாடா வடிவம்தான் பெயருக்குக் காரணமா?
3. ஒரு பரப்பில் வரியாகத் தெரிகிறதா? அப்படியானால் அதன் இடம் எதைச் சொல்கிறது?
4. இரண்டு எண்களுக்கு இடைப்பட்டதா? அப்படியானால் எந்த அளவின் எண்கள், அலகு என்ன?

நான்காவது கேள்வியின் பின்பாதி முக்கியம். அலகைச் சொல்ல முடிந்தால் அது நெடுக்கம். பண்பலைக்கு மெகாஹெர்ட்ஸ், ஆற்றல் பட்டைக்கு எலக்ட்ரான் வோல்ட். உட்கவர் பட்டையை மூன்றிலும் நான்கிலும் வைக்கலாம் என்று ஒரு குழு வாதிட்டால், அந்தக் குழு பாடத்தைப் புரிந்துகொண்டது என்று பொருள். அந்த வாதத்தை வெட்டாமல் நடக்க விடலாம். பனிக்குடப் பட்டைச் சீட்டை விவாதிக்கும்போது மட்டும், எந்த மாணவரையும் சுட்டாமல், காரண விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இறுதியில் மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு வினா: ‘சிலிக்கான் துண்டு ஒன்றின் மேற்பகுதியைத் தேய்த்து நீக்கிவிட்டால் கடத்துப் பட்டை போய்விடுமா?’ போய்விடும் என்று எழுதுபவர் இன்னும் மூன்றாம் வகையிலேயே நிற்கிறார். எஞ்சிய துண்டு முழுவதற்கும் அதே ஆற்றல் நெடுக்கம்தான் என்று எழுதுபவர் நான்காம் வகைக்கு வந்துவிட்டார். முன்னவருக்குத் தேவை இன்னொரு வரையறை அன்று. மதிப்பெண் பட்டியலையும் பெஞ்சுகளையும் கொண்டு இன்னொரு முறை பேசிப் பார்க்கும் ஐந்து நிமிடங்கள்.